ஏர் ரைஃபிளுக்கு ரெட் டாட்டா, ஸ்கோப்பா? காசு கரைவதற்கு முன் படிக்க

காற்றழுத்தத்தில் சுடும் ஏர் ரைஃபிள் மேல் குறி பார்க்க மாட்டுவது இரண்டு வகை: இலக்கைப் பெரிதாக்கிக் காட்டும் குழாய் ஸ்கோப், இலக்கின் மேல் சிவப்புப் பொட்டு காட்டுவது ரெட் டாட். பதினான்கு மாதத்தில் மூன்று வாங்கினேன். முதல் ஸ்கோப் உள்ளே கழன்று போனது. இரண்டாவதாக வந்த ரெட் டாட் என் துப்பாக்கியில் உட்காரவே இல்லை. மூன்றாவதுதான் இன்றும் மேலே இருக்கிறது. முதல் இரண்டிலும் போன பணம் 6,900 ரூபாய். இதில் துப்பாக்கி விலை சேராது.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம். பின்னால் தென்னை விளை, அதன் கடைசியில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு செம்மண் திட்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் மகளும் அங்கே அட்டையில் சுடுவோம். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் விசாரித்தபோது ஆளுக்கொரு ஸ்கோப்பைச் சொன்னார்கள். துப்பாக்கி என்ன வகை என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. தவறு அங்கே ஆரம்பித்தது.

இது உரிமம் தேவைப்படாத 4.5 மி.மீ. ஏர் ரைஃபிளுக்கான வழிகாட்டி மட்டும். தோட்டா போடும் துப்பாக்கிக்குக் கணக்கு வேறு.

1. எதற்கு என்று முதலில் சொல்லுங்கள்

பிள்ளையைத் துப்பாக்கி சுடும் போட்டிக்கு அனுப்பத்தான் ஏர் ரைஃபிள் வாங்கினீர்களா? அப்படியானால் ரெட் டாட்டும் வேண்டாம், ஸ்கோப்பும் வேண்டாம். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் உருவத்தைப் பெரிதாக்கும் கண்ணாடி எதுவும் துப்பாக்கி மேல் இருக்கக் கூடாது. அங்கே பீப் சைட்தான்: பின்னால் சின்னத் துளை, முன்னால் வளையம், அந்த வளையத்துக்குள் கறுப்பு வட்டம். பத்துப் புள்ளிக்கான இடம் அரை மில்லிமீட்டர் பொட்டு, அதையும் வெறுங்கண்ணில்தான் அடிக்கிறார்கள். புதியவர்களுக்கு ஓப்பன் சைட் பிரிவும் உண்டு. துப்பாக்கியோடு வரும் குறிமுள்ளே அதற்குப் போதும்.

ஸ்கோப்பில் பழகிய பிள்ளை பீப் சைட்டுக்கு மாறும்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து பழக வேண்டும். என் மகள் ஆறு மாதம் இதில் சிரமப்பட்டாள். பயிற்சியாளர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஸ்கோப் போட்டுக் கொடுக்கச் சொன்னது யாரு?"

மயிலும் குரங்கும் தொல்லை என்று வாங்குகிறவர்கள் இங்கேயே நின்றுவிடுங்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் பட்டியலில் இருக்கிறது. மரச்சீனி விளைக்குள் வந்தாலும் மயில் மயில்தான். ஏர்கன் என்பதால் சலுகை கிடையாது, ஜெயிலுக்குப் போகிற வழக்கு.

அட்டையில் சுடுவது மட்டும்தான் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

2. காகிதங்களை ஒரு கவரில் போடுங்கள்

துப்பாக்கியின் துளை 4.5 மி.மீ.க்கு மேலும், குழல் வாயில் குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேலும் போகக் கூடாது. இந்த இரண்டில் ஒன்று தாண்டினாலும் உரிமம் வேண்டும். 5.5 மி.மீ. ஏர் ரைஃபிளை "இதுவும் ஏர்கன்தானே" என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். மாட்டுவது வாங்கியவர்தான்.

கவரில் இருக்க வேண்டியவை: துப்பாக்கியின் பில் (4.5 மி.மீ. அல்லது .177 அங்குலம் என்ற அளவும் வரிசை எண்ணும் அதில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுதித்தரச் சொல்லுங்கள்), ஆற்றல் அளவு அச்சிட்ட கையேடு, ஆதார் நகல், பிறகு வாங்கும் ஸ்கோப்பின் பில். துப்பாக்கி வாங்கும்போது கடையில் ஆதார் நகலும் போட்டோவும் கேட்டு வாங்கினார்கள். ஸ்கோப்புக்கு யாரும் எதுவும் கேட்கவில்லை, ஆனால் அந்த பில் வாரண்டிக்கு வேண்டும். துப்பாக்கியை வெளியே கொண்டுபோகும்போது பெட்டிக்குள் வைத்து, கவரையும் கூடவே வையுங்கள். ஒருமுறை வண்டிச் சோதனையில் ஸ்கோப் மாட்டிய நிலையில் பார்த்துவிட்டு அரை மணி நேரம் நிறுத்தினார்கள். பில்லில் அளவைக் காட்டிய பிறகு விட்டுவிட்டார்கள்.

கல்ஃபிலிருந்து சொந்தக்காரர் வரும்போது வாங்கிவரச் சொல்லலாம் என்று நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. அவர் அதைக் கைப்பையில் வைத்துவிட்டார். விமானம் ஏறும் முன் பாதுகாப்புச் சோதனையில், துப்பாக்கிச் சாமான் உள்ளே போகாது என்று எடுத்து வைத்துவிட்டார்கள். சொல்லிவிட்டால் தெளிவாகச் சொல்லுங்கள்: பெரிய பெட்டியில், பில்லோடு, சுங்கத்தில் கேட்டால் மறைக்காமல்.

3. துப்பாக்கியின் முதுகை அளங்கள்

நான் செய்யாமல் விட்டது இதைத்தான். குழல் ஆரம்பிக்கும் இடத்துக்குப் பின்னால், மேல்பக்கம் நீளவாக்கில் இரண்டு பள்ளம் ஓடும், அல்லது குறுக்கே வெட்டிய பற்கள் இருக்கும்.

பள்ளம் மட்டும் என்றால் 11 மி.மீ. டவ்டெயில். பற்கள் என்றால் பிகாட்டின்னி அல்லது வீவர், அகலம் ஏறத்தாழ 21 மி.மீ. ஒன்றுக்கான மவுண்ட் (ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்து நிறுத்தும் தாங்கி) மற்றதில் உட்காராது. நான் 2,100 ரூபாய்க்கு வாங்கிய ரெட் டாட்டோடு வந்தது 21-க்கான மவுண்ட். என் துப்பாக்கியில் இருந்தது பள்ளம். இடையில் போட அடாப்டர் கிடைக்கும், ஆனால் அதனால் உயரம் கூடிக் கன்னம் கட்டையில் படாமல் போகும். அடாப்டர் தானாகவே நழுவுவதும் உண்டு.

11 மி.மீ. என்று சொன்னாலும் எல்லாமே சரியாக 11 இருப்பதில்லை. பக்கத்து லேத் பட்டறைக்குப் போனால் வெர்னியர் வைத்து ஒரு நிமிடத்தில் அளந்து சொல்வார்கள். சாயா வாங்கிக்கொடுத்தால் போதும். குண்டு போடாமல், பெட்டியில் வைத்தே கொண்டுபோங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். பள்ளத்தின் பின்பக்கம் மேலே சின்னத் துளை ஏதாவது இருக்கிறதா? அது மவுண்டின் நிறுத்து முள் இறங்கும் இடம். இருந்தால் அதிர்ஷ்டம். ஏன் என்பது 4, 6-ஆம் படிகளில்.

4. உதை எப்படி என்று தெரிந்துகொள்ளுங்கள்

குழலை மடக்கி ஸ்பிரிங் ஏற்றும் துப்பாக்கியில் விசையை அழுத்தியதும் கனமான பிஸ்டன் முன்னால் பாய்கிறது. அதனால் துப்பாக்கி முதலில் பின்னால் தள்ளும். பிஸ்டன் முனைக்குப் போய் நிற்கும் நொடியில் துப்பாக்கி வெடுக்கென்று முன்னால் இழுபடும். இரண்டு பக்க உதை. பெரிய துப்பாக்கிக்குச் செய்த ஸ்கோப் ஒரு பக்க உதையைத் தாங்கும்படிதான் கட்டப்பட்டிருக்கும். அதை இதில் மாட்டினால் உள்ளே இருக்கும் கண்ணாடிகள் நாளடைவில் கழன்றுவிடும்.

என் முதல் ஸ்கோப் 3-9x40. ஸ்கோப்புக்கு 4,200, மவுண்டுக்கு 600. மூன்று டப்பா குண்டு தாங்கியது. ஒருநாள் மகள், "அப்பா, கோடு சாஞ்சிருக்கு" என்றாள். உன் தலை சாய்ந்திருக்கும் என்றேன். வாங்கிப் பார்த்தால் உள்ளே குறுக்குக் கோடு கடிகாரத்தில் பதினொன்றையும் ஐந்தையும் காட்டுகிற மாதிரி நிற்கிறது. கழற்றிக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டினேன். கிலுகிலுப்பை மாதிரி சத்தம். வாரண்டி அட்டையை அன்றுதான் முழுதாகப் படித்தேன்: ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் பயன்படுத்தினால் செல்லாது. எழுத்து எறும்பு அளவு.

ஆகவே ஸ்பிரிங் வைத்திருப்பவர்கள் "ஸ்பிரிங் ஏர்கன் தாங்கும்" என்று எழுத்தில் சொல்லியிருப்பதை மட்டுமே வாங்குங்கள். ரெட் டாட்டுக்கும் இது பொருந்தும். கேஸ் பிஸ்டனும் இதே கதைதான். காற்றை முன்பே அடைத்து வைக்கும் பிசிபி என்றால் உதை இல்லாதது மாதிரிதான், எதை வேண்டுமானாலும் மாட்டலாம்.

5. ரெட் டாட்டா, ஸ்கோப்பா

ரெட் டாட் எதையும் பெரிதாக்காது. சின்ன விளக்கின் ஒளி சாய்ந்த கண்ணாடியில் பட்டு உங்கள் கண்ணுக்குத் திரும்பி, இலக்கின் மேல் சிவப்புப் பொட்டு வைத்த மாதிரி தெரியும். இரண்டு கண்ணையும் திறந்தே சுடலாம், கண்ணை எவ்வளவு தூரத்தில் வைத்தாலும் பரவாயில்லை. குறிமுள் மங்கலாகத் தெரிய ஆரம்பித்த நாற்பது தாண்டியவர்களுக்கு இது வரப்பிரசாதம். டப்பா, அசையும் தகடு என்று வேகமாக அடித்து விளையாட இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

ஆனால் பொட்டுக்கும் அளவு உண்டு. அதை எம்ஓஏ என்பார்கள். 1 எம்ஓஏ என்பது 100 மீட்டரில் ஏறக்குறைய 29 மி.மீ. 10 மீட்டரில் அது 2.9 மி.மீ. மலிவான ரெட் டாட்டுகளில் 4, 5 எம்ஓஏ பொட்டு சாதாரணம். 5 எம்ஓஏ பொட்டு 10 மீட்டரில் 14 மி.மீ.க்கு மேல் மறைக்கும். அட்டையின் நடுவை அடிக்க வேண்டும், ஆனால் நடுவே தெரியாது. வாங்கினால் 2 அல்லது 3 எம்ஓஏ வாங்குங்கள்.

வாங்கும் முன் உங்கள் கண்ணையும் சோதித்துக்கொள்ளுங்கள். அஸ்டிக்மாடிசம் (கருவிழி சீராக வளையாத பார்வைக் கோளாறு) இருப்பவர்களுக்குப் பொட்டு உருண்டையாகத் தெரியாது. நசுங்கியோ, நட்சத்திரம் மாதிரியோ, வால் முளைத்தோ தெரியும். என் ரெட் டாட் கெட்டுப்போனது என்றே நினைத்துத் திருப்பி அனுப்பக் கிளம்பினேன். மனைவியின் தம்பி வாங்கிப் பார்த்துவிட்டு, "அத்தான், புள்ளி உருண்டையாத்தானே இருக்கு?" என்றான். செல்போன் கேமராவை அதன் பின்னால் வைத்துப் படம் எடுத்தோம். படத்தில் அச்சு அசல் உருண்டை. கோளாறு என் கண்ணில். கண்ணாடி போட்டால் கொஞ்சம் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. அந்த ரெட் டாட் இப்போது அவனுடைய பிசிபி மேல் இருக்கிறது. பாதி விலைகூடத் தரவில்லை, அது வேறு விஷயம்.

15 மீட்டருக்கு மேல் அட்டையில் சின்ன வட்டத்தில் சுட வேண்டும் என்றால் ஸ்கோப்தான். வயதானவர்கள், அஸ்டிக்மாடிசம் உள்ளவர்கள் ஆகியோருக்கும் அதுவே: ஸ்கோப்பின் பின்பக்க வளையத்தைத் திருகினால் கோடு உங்கள் பார்வைக்குத் தெளிவாகும், ஆனால் அஸ்டிக்மாடிசத்தை அந்த வளையம் சரிசெய்யாது, கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

6. ஸ்கோப் மேல் எழுதியிருக்கும் எண்கள்

4x32 என்றால் நான்கு மடங்கு பெரிதாகும், முன்கண்ணாடி 32 மி.மீ. 3-9x40 என்றால் மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு, முன்கண்ணாடி 40. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் கிடைக்கும். 4x32-இல் 8 மி.மீ., 3-9x40-ஐ ஒன்பதில் வைத்தால் 4.4 மி.மீ. வட்டம் பெரிதாக இருந்தால் கண்ணைச் சரியான இடத்தில் வைப்பது எளிது. வீட்டு விளையில் 25 மீட்டருக்குள் சுடுபவருக்கு ஒன்பது மடங்கு எதற்கு? இதயத்துடிப்பும் மூச்சும் சேர்ந்து ஒன்பது மடங்கு ஆடும்.

இதைவிட முக்கியம் பேரலாக்ஸ். கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினால் கோடும் இலக்கின் மேல் நகர்கிறதா? அதுதான். பெரிய துப்பாக்கிக்கான ஸ்கோப்பை 100 கஜத்துக்குச் சரிசெய்து அனுப்புவார்கள். 10 மீட்டரில் இலக்கே மங்கலாகத் தெரியும், கண் நகர நகரக் குண்டும் இடம் மாறும். முன்பக்கத்திலோ பக்கவாட்டிலோ தூரம் எழுதிய வளையம் இருக்க வேண்டும், அதில் 10 கஜம் வரை இறங்க வேண்டும். முன்பக்க வளையம் என்றால் ஏஓ என்று போட்டிருப்பார்கள். நான் கடைசியில் வாங்கியது இந்த வளையத்தோடு வந்த 4x32, விலை 4,600. ஒரே துண்டாக வரும் மவுண்ட் 1,150. முதலிலேயே இதை வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

மவுண்டில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். ஸ்பிரிங் உதையில் ஸ்கோப் பின்னால் ஊர்ந்துகொண்டே போகும். நீளமான ஒரே துண்டு மவுண்ட், கீழே நிறுத்து முள், வளையத்துக்கு நான்கு ஸ்க்ரூ. ஸ்கோப் குழாயின் விட்டம் ஓர் அங்குலமா, 30 மி.மீ.யா என்று பார்த்து அதற்கேற்ற வளையம் வாங்குங்கள். இதிலும் ஏமாந்தவர்கள் உண்டு.

7. பார்சல் வந்த அன்று

பெட்டியைப் பிரிப்பதை இடைவெளி விடாமல் வீடியோ எடுங்கள். திருப்பி அனுப்ப எத்தனை நாள் என்று முன்பே பார்த்து வையுங்கள். எனக்கு ஏழு நாள்தான் கொடுத்தார்கள். மவுண்டில் போட்டு முறுக்கிவிட்டால் குழாயில் வளையத் தடம் விழும், அதைக் காட்டியே திருப்பி எடுக்க மறுப்பார்கள். ஆகவே மாட்டும் முன்பே சோதனை.

வானத்தைப் பார்த்து உள்ளே தூசி, பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள் (சூரியனைப் பார்க்கவே கூடாது, கண் போய்விடும்). குண்டு விழும் இடத்தைச் சரிசெய்யும் இரண்டு குமிழையும் கடைசிவரை திருகுங்கள், ஒவ்வொரு கிளிக்கும் விரலில் தெரிய வேண்டும். காதருகே ஆட்டிப் பாருங்கள். ரெட் டாட் என்றால் எல்லா வெளிச்ச அளவிலும் எரிகிறதா என்று பார்த்து, நல்ல வெயிலில் வெள்ளைச் சுவர் மேல் பொட்டு தெரிகிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் சிஆர்2032 பேட்டரிதான், எந்தக் கடையிலும் கிடைக்கும். கூடவே வரும் பேட்டரி பாதி செத்தது, அதை நம்பாதீர்கள்.

8. மாட்டுதல்

ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். குண்டு இல்லை என்று இரண்டு முறை பாருங்கள். பள்ளத்தில் இருக்கும் எண்ணெயைத் துடைத்து எடுங்கள். எண்ணெய் இருந்தால் மவுண்ட் நழுவும். நிறுத்து முள்ளைத் துளையில் இறக்கி அடி ஸ்க்ரூவை நன்றாக முறுக்குங்கள். மேல் வளையத்தைத் தளர்வாக விட்டு, கண்ணை மூடிக் கன்னத்தைக் கட்டையில் வைத்துக் கண்ணைத் திறங்கள். ஓரத்தில் கறுப்பு நிழல் இல்லாமல் முழு வட்டம் தெரியும்வரை ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் வரும்.

கோடு நேராக நிற்க, தென்னையில் நூல் கட்டிக் கல் தொங்கவிட்டேன். அந்த நூலோடு நெட்டுக் கோட்டைச் சேர்த்துவிட்டு, வளைய ஸ்க்ரூக்களைக் குறுக்காக மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஆலன் கீயின் குட்டைக் கையைப் பிடித்து இரண்டு விரலால் முறுக்கும் பலம் போதும். என் மாதிரி முழு பலத்தையும் போட்டால் குழாய் நசுங்கும்.

கடைசியாக, மவுண்டுக்குப் பின்னால் துப்பாக்கி மேல் வெள்ளை நகப்பூச்சில் மெல்லிய கோடு இழுங்கள். குண்டு இடம் மாறும்போதெல்லாம் முதலில் அந்தக் கோட்டைப் பாருங்கள். கோட்டை மவுண்ட் மூடியிருந்தால் ஸ்கோப் ஊர்ந்திருக்கிறது.

9. ஜீரோ செய்தல்

ஜீரோ என்றால், குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்வது. அட்டைக்குப் பின்னால் மண் திட்டு அல்லது துணி திணித்த பெட்டி வேண்டும். கருங்கல் சுவர், தென்னந்தடி, இரும்புத் தகடு எதுவும் வேண்டாம். ஈயக்குண்டு திரும்பி வரும். எல்லோருக்கும் கண்ணில் பாதுகாப்புக் கண்ணாடி. தவறிப்போனால் குண்டு சில நூறு மீட்டர் போகும், திட்டுக்குப் பின்னால் வீடோ வழியோ இருந்தால் அந்த இடமே வேண்டாம்.

5 மீட்டரில் ஆரம்பியுங்கள். ஸ்கோப் குழலுக்கு மேலே நாலு சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதால், இந்தத் தூரத்தில் குண்டு குறிவைத்த இடத்துக்கு ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் கீழே விழுவதே சரி. அதை நடுவுக்குக் கொண்டுவர நினைக்காதீர்கள். இடம் வலம் மட்டும் சரிசெய்துவிட்டு 10 மீட்டருக்குப் போங்கள்.

அங்கே ஐந்து குண்டு சுட்டு, ஐந்தின் நடுவைப் பாருங்கள். ஒரே குண்டைப் பார்த்துத் திருகுவது இருட்டில் கல்லெறிவது. கால் எம்ஓஏ கிளிக் என்றால் 10 மீட்டரில் ஒரு கிளிக்குக்கு 0.7 மி.மீ. நடு 28 மி.மீ. கீழே இருந்தால் 40 கிளிக் மேலே. குமிழில் இருக்கும் அம்பு குண்டு நகர வேண்டிய திசையைக் காட்டுகிறது. ரெட் டாட்டில் ஒரு கிளிக் பெரும்பாலும் 1 எம்ஓஏ, அதாவது 2.9 மி.மீ.

மடக்கும் துப்பாக்கிகளில் குழல் கொஞ்சம் கீழே தொங்கும். மேல் குமிழ் கடைசிவரை போயும் குண்டு கீழேயே விழுந்தால் இதுதான் காரணம், தொங்கலைச் சரிக்கட்டும் சாய்வு மவுண்ட் தனியாகக் கிடைக்கும். ஸ்பிரிங் துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்கவும் கூடாது. இடது உள்ளங்கையை விரித்து அதன்மேல் சும்மா உட்கார வையுங்கள். இதைத் தெரிந்துகொள்ளும்வரை நான் ஸ்கோப்பையே திட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஆனது இரண்டு காலைகளும் ஏறக்குறைய எண்பது குண்டுகளும். ஆனி, ஆடியில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலை சுற்றுகிற நாட்களில் 25 மீட்டரில் அரை கிராம் குண்டு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மாசி, பங்குனியில் விடியற்காலை நல்லது.

10. மழையும் உப்பும்

நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம், கூடவே கடல். கண்ணாடியில் பூஞ்சை பிடிக்க ஒரு ஐப்பசி போதும். நைட்ரஜன் அடைத்த ஸ்கோப் உள்ளே பனிக்காது, வெளிக்கண்ணாடிக்கு அந்த உத்தரவாதம் இல்லை. சுட்டு முடித்ததும் உலர்ந்த துணியில் உலோகத்தைத் துடைத்து, ஸ்க்ரூ தலைகளில் ஒரு சொட்டு எண்ணெயைத் தடவுங்கள். கண்ணாடியை முதலில் ஊதித் தூசி போக்கி, பிறகு கேமரா துடைக்கும் துணி. வேஷ்டி நுனி வேண்டாம். பஞ்சு வைத்த பெட்டிக்குள் மாதக்கணக்கில் மூடி வைத்தால் ஈரம் அங்கேயே தங்கும்; சிலிக்கா ஜெல் பை இரண்டு போட்டு, மாதம் ஒருமுறை மாற்றுங்கள். குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோரத்தில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. ரெட் டாட்டை எடுத்து வைக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் உள்ளே பச்சை பூக்கும்.

பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: ஜீரோ செய்த தேதி, தூரம், குண்டின் பெயரும் எடையும், இரண்டு குமிழும் நிற்கும் எண். போன மாதம் குண்டு டப்பாவை மாற்றியதும் எல்லாம் இரண்டு விரல் இடதுபக்கம் போனது. சீட்டைப் பார்த்து, பழைய குண்டையே வாங்க மகளை மார்த்தாண்டத்துக்கு அனுப்பினேன்.